பட்டறைச் சத்தம்

தம்பி கையை ஓங்குவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவான். அது அக்காவுக்கு மட்டும் தெரிந்த அடையாளம். செருமல் காதில் விழுந்த உடனே கையில் லைவ் ஓடிக்கொண்டிருக்கும் போனை அப்படியே இடப்பக்கம் திருப்பிவிட வேண்டும். இடப்பக்கச் சுவரில் ஒரு பலகை அடித்து, செய்து முடித்த கத்திகளை வரிசையாகச் சொருகி வைத்திருக்கிறார்கள். போனில் பார்க்கிறவர்களுக்குக் கத்திகள் பளபளவென்று தெரியும். வலப்பக்கம் நடப்பது தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

"அக்கா, திருப்பு" என்று அவன் வாய்விட்டுச் சொல்வதும் உண்டு. சொன்னானென்றால் அன்றைக்கு அடி கொஞ்சம் பலம் என்று அர்த்தம்.

முதல் தடவை அக்கா அப்படித் திருப்பியபோது, உளிப்பிடிக்கு வைத்திருந்த கட்டையால் தம்பி தன் பெண்டாட்டியின் முதுகில் போட்டான். தொம், தொம் என்று கேட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு அம்மாள் உடனே எழுதிக் கேட்டாள்: "அக்கா, அது என்ன சத்தம்?"

"பட்டறைச் சத்தம்தாம்மா," என்றாள் அக்கா.

குரல் பிசிறவே இல்லை. தனக்கு இப்படிக்கூடப் பொய் சொல்ல வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாளும் நம்பி, காய்கறி நறுக்க ஒரு கத்தி வேண்டுமென்று சொல்லி வைத்தாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, "உங்க பட்டறைச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேலையே ஓடுது" என்று எழுதுகிறவர்களும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்களுக்கு என்ன தெரியும்?

தம்பியின் பெண்டாட்டிக்குச் சம்மட்டிக்காரி என்ற பெயர் போனில்தான் வந்தது. அதற்கு முன்னால் அவளை யாரும் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "ஏ, இந்தா" என்பதோடு சரி. அடுத்தடுத்து மழை ஏமாற்றியதில் ஊரைச் சுற்றிக் காடுகரையெல்லாம் கட்டாந்தரையாகக் கிடந்தது. வெட்டுவதற்குக் கதிரும் இல்லை, கொத்துவதற்கு ஈர மண்ணும் இல்லை. அரிவாளும் மண்வெட்டியும் செய்து வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது? பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த கூலி ஆள், "இங்க இருந்தா நானும் உங்களோட சேர்ந்து ஈ ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவள்தான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினாள். பிறந்த வீட்டில் கதிர் அடித்த கை. ஒரு வாரம் தோள் வீங்கிக் கிடந்தது. அப்புறம் சம்மட்டி அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுக்கியால் பிடித்து, அடி தாங்குகிற அடைகல்லின் மேல் வைக்கிறவன்தான் கொல்லன். அவனுடைய வலது கையில் இருப்பது சின்னச் சுத்தியல். அவன் அந்தச் சுத்தியலால் எங்கே மெல்லத் தட்டுகிறானோ, எதிரே நிற்கிறவர் சம்மட்டியை அங்கே போட வேண்டும். எவ்வளவு பலம், எவ்வளவு சரிவு எல்லாம் அந்தத் தட்டிலேயே இருக்கும். வெறும் அடைகல்லில் டக் டக் என்று இரண்டு தட்டினால் போதும், நிறுத்து என்று அர்த்தம். வாய்ப்பேச்சே கிடையாது. உலையின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. சம்மட்டி அடிக்கிறவர் யோசிக்கக் கூடாது. தட்டின இடத்தில் அடி விழ வேண்டும், இரும்பு ஆறுவதற்குள் விழ வேண்டும். பழகிப்போனால் கண்ணுக்கும் கைக்கும் நடுவே மனசுக்கு வேலையே இருக்காது.

வேலை தெரிந்தவன் தம்பிதான். அவன் தட்டாவிட்டால் அவள் அடி வெறும் அடி, கத்தி ஆகாது. ஆனால் போனில் பார்க்கிறவர்களுக்கு இந்த முறை எங்கே தெரியும்? ஒல்லியாக ஒரு பெண், தலைக்கு மேலே அவ்வளவு பெரிய சம்மட்டியைத் தூக்கி நெருப்புப் பொறி பறக்கப் போடுகிறாள். எதிரே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறவன் மாதிரி டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டிருக்கிறான். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் தன் தங்கைக்குக் காட்டுவதற்காகத்தான் முதலில் படம் எடுத்துப் போட்டாள். அக்காவிடம் போனைக் கொடுத்து, "சும்மா பிடிங்க அண்ணி" என்றாள். அது எப்படியோ கை மாறி, ஊர் மாறி, ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். யார் யாரோ கத்தி கேட்டார்கள். அணைந்து கிடந்த உலையில் மறுபடி கரி விழுந்தது. சாயங்காலமானால் பார்சல் கட்டுகிற வேலை. வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி போய் மூன்று வேளைச் சோறு வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒருத்தன் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

எழுதி வருவதைச் சத்தமாகப் படித்துச் சொல்வது அக்காவின் வேலை. அன்றைக்கு யோசிக்காமல் படித்துவிட்டாள்: "அந்த டொக்கு மாமா என்ன வேலை செய்றாரு? எல்லாத்தையும் சம்மட்டிக்காரிதானே செய்றாங்க?"

சம்மட்டிக்காரி சிரித்துவிட்டாள். ஏளனம் இல்லை. களைப்பில், மூச்சிரைப்பில், எதற்கென்று தெரியாமல் வருகிற சிரிப்பு. சிரித்து முடித்து, "அய்யோ, அவருதான் மேஸ்திரி. அவரு தட்டினாத்தான் நான் அடிக்க முடியும்," என்று சொல்லவும் செய்தாள். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. போனில் வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள் வந்து விழுந்தன. தம்பி தொண்டையைச் செருமினான்.

அப்படி ஆரம்பித்தது.

டொக்கு மாமா என்ற பெயர் போனோடு நிற்கவில்லை. டீக்கடைக்கு வந்தது, தெருப் பிள்ளைகள் வாய்க்கு வந்தது. கரி கொண்டு வருகிற வண்டிக்காரன்கூட, "என்ன மாமா, இன்னைக்கு டொக்கு உண்டா?" என்று கேட்டான். தம்பி அவனை வண்டியிலிருந்து இறக்கி, கரிமூட்டை மேல் தள்ளி மிதித்தான். நாலு பேர் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. பிரித்துவிட்டவர்களும் அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்கள். வெளியே கிடைத்த சிரிப்புக்கெல்லாம் உள்ளே ஒருத்தி முதுகைக் கொடுத்தாள்.

அக்கா ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கலாம். அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தால் தெரியும். அது கோணலாகக் கூடியது. அவளுடைய புருஷன் கதவுத் தாழ்ப்பாள் கட்டையால் போட்டு உடைத்தது. உடைத்துவிட்டு, வைத்தியத்துக்கும் விடாமல் உள்ளே போட்டுப் பூட்டியிருந்தான். விஷயம் தெரிந்த அன்றைக்கே தம்பி பஸ் பிடித்து வந்தான். மீசை சரியாக முளைக்காத வயசு. புருஷனை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு இழுத்து, பல் தெறிக்க அடித்தான். "எங்கக்கா மேல கை வச்சா அந்தக் கை இருக்காதுடா! எவனா இருந்தாலும் இருக்காது!" என்று நடுத்தெருவில் கத்தினான். உடையாத கையைப் பிடித்து அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தான். வழியெல்லாம் அந்தப் பிடியை விடவே இல்லை.

அன்றிலிருந்து அவன் போட்ட சோறு. ஒரு நாளும் அவளை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆனபோதுகூட, "எங்கக்கா இருக்கிற வீடு இது. சம்மதம்னா வா" என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டான். அப்படிப்பட்டவனை எதிர்த்து என்ன பேசுவது?

கோணல் கையால் அவளுக்குச் சம்மட்டி தூக்க முடியாது. உலைக்குக் காற்றுச் சக்கரம் சுற்றலாம், பார்சல் கட்டலாம். போன் பிடிப்பதற்கு மட்டும் அந்தக் கை அளவெடுத்துச் செய்தது மாதிரி அமைந்துவிட்டது. வளைந்த மணிக்கட்டில் போனைச் சாய்த்து வைத்தால் அசையவே அசையாது.

ஒரு நாள் மதியம் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சம்மட்டிக்காரி குனியும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கன்றிப்போன இடத்துக்கு மேல் கரியைத் தேய்த்திருந்தாள். பட்டறையில் வேலை செய்கிற பெண்ணின் முகத்தில் கரி இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் அக்கா.

"மூச்சு விட்டா வலிக்குது."

"அப்ப நாளைக்கு லைவ் வேணாம்னு சொல்லிடவா?"

"மூச்சு விடாம இருக்க முடியுமா அண்ணி? அதே மாதிரிதான் இதுவும். நாளைக்கு லைவ் இல்லேன்னா நாளான்னைக்கு உலை இல்ல." ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீங்க ஒரு நாள் திருப்பாம இருந்தா என்ன ஆகும்?"

அக்கா சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்த சட்டியையே தேய்த்தாள். "கடை போயிரும் கண்ணு. பாக்குறவங்க காறித் துப்பிட்டுப் போயிருவாங்க. அப்புறம் பழையபடி கஞ்சி."

"கடை போனா போகட்டும்னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா?"

"அவன் கெட்டவன் இல்லடி. வெளியில எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணி, அவன் மனசு..."

"உங்க வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லன்னுதான் அவரோட அக்கா சொல்லியிருப்பாங்க."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. உண்மையில் அவளுடைய நாத்தனார் அப்படித்தான் சொன்னாள். அன்றைக்குக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டவளும் அவள்தான்.

சம்மட்டிக்காரி குரலை உயர்த்தவில்லை. விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "நான் உங்களைக் குத்தம் சொல்லல அண்ணி. அவரு உங்களுக்குச் செஞ்சது பெருசு. எனக்கும் தெரியும், நூறு தடவ கேட்டிருக்கேன். ஆனா ஒரு நாள் இவரு என்னைக் கொன்னுடுவாரு. கோவத்துல கையில எது இருக்குன்னு இவரு பாக்குறதில்ல. இங்க கைக்கு எட்டுற இடத்துல எல்லாம் என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் செத்துக் கிடப்பேன், அப்பவும் நீங்க கத்தியைத்தான் காட்டிட்டு நிப்பீங்க."

"வாயைக் கழுவு!"

"கழுவிட்டுத்தான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உண்மையாகவே தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அக்கா ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றித் தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் சோறு போடும்போது தம்பியிடம் மெல்ல ஆரம்பித்தாள். "ஏன்டா, அந்தப் புள்ளைக்கு விலா எலும்பு ஏதோ ஆயிருக்கு போல. டாக்டர்கிட்ட..."

"அவ உன்கிட்ட சொன்னாளா?"

"அவ சொல்லல. எனக்குக் கண்ணு இல்லையா?"

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவளிடம் பேசும்போது மட்டும் அவன் குரலில் இன்னும் அந்தப் பழைய குழைவு இருந்தது. அதுதான் கொடுமை. "அக்கா, நீயே சொல்லு. நான் இந்தத் தொழிலை எவ்வளவு அடிபட்டுக் கத்துக்கிட்டேன்? அப்பா எத்தனை தடவை என் தலையில இடுக்கியால போட்டிருக்காரு? இரும்போட நிறத்தைப் பார்த்தே அது என்ன கேக்குதுன்னு சொல்லுவேன். இன்னைக்கு எவனெவனோ என்னை டொக்கு மாமாங்கிறான். இவ சிரிக்கிறா."

"அவ ஒரு தடவைதான் சிரிச்சா."

"ஒரு தடவ போதும்க்கா."

"உன்னைப் பத்தி நாலு வார்த்தை அவளை நல்லாப் பேசச் சொல்றேன். இவருதான் மேஸ்திரின்னு."

"எனக்குப் பிச்சை போடச் சொல்றியா?" தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, "நீ சாப்பிடு. நீ எதுக்குப் பட்டினி கிடக்கிற?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே செருமல் கேட்டது. அக்கா பழக்கதோஷத்தில் கையை இடப்பக்கம் திருப்பினாள். கையில் போன் இல்லை. சோற்றுப் பருக்கைதான் இருந்தது.

மறுநாள் காலையில் கார் ஒன்று வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. வெகு தூரத்திலிருந்து சம்மட்டிக்காரியைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறார்கள். "உங்க கத்திதான் எங்க வீட்ல! உங்களைப் பார்த்தாலே எனக்கு ஒரு தைரியம் வருதுங்க," என்று அந்தப் பெண் சம்மட்டிக்காரியைக் கட்டிப்பிடித்தாள். விலாவில் அழுத்தியதும் சம்மட்டிக்காரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமென்றார்கள். அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்தான். உலைக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நின்றிருந்த தம்பியிடம் போய்த் தன் போனை நீட்டினான். "அண்ணே, நீங்க சும்மாத்தானே நிக்கிறீங்க? எங்க மூணு பேரையும் ஒண்ணு எடுங்களேன்."

தம்பி வாங்கினான். எடுத்தான். திருப்பிக் கொடுத்தான். கரி வண்டிக்காரனை அவன் மிதித்தபோதுகூட அக்கா இப்படிப் பயப்படவில்லை.

கார் போன தூசி அடங்குவதற்குள், "லைவ் போடுக்கா" என்றான் தம்பி.

"கொஞ்சம் பொறுத்துப் போடலாமே. வெயில் வேற..."

"போடுன்னு சொன்னேன்."

அக்கா போனைக் கோணல் மணிக்கட்டில் சாய்த்துக்கொண்டாள். உலை இரைந்தது. பழைய லாரியின் வில்லுப் பட்டை இரும்பு ஒன்று உள்ளே பழுத்துக்கொண்டிருந்தது. சம்மட்டிக்காரி சிரித்தபடி, "வணக்கம், எல்லாரும் சாப்பிட்டீங்களா? இன்னைக்குக் கோடாலி ஒண்ணு அடிக்கப் போறோம்," என்று ஆரம்பித்தாள். தம்பி இரும்பை எடுத்து அடைகல்லில் வைத்தான். தட்டினான். அடி விழுந்தது. தட்டினான், விழுந்தது. பொறி பறந்தது. எழுத்துகள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. அக்கா பொறுக்கிப் பொறுக்கிப் படித்தாள். "ஒருத்தர் வணக்கம் சொல்றாங்க... ஒருத்தர் பெரிய கத்தி இருக்கான்னு கேக்குறாங்க..."

"எதையோ முழுங்குறியே அக்கா," என்றான் தம்பி, இரும்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லடா."

"படி."

"ஒண்ணுமில்லங்கிறேன்ல."

"படிக்கா!"

அக்கா படித்தாள். "சம்மட்டிக்காரி... டொக்கு மாமாவுக்கு லீவு குடுத்துட்டு நீங்களே தனியாப் பண்ணுங்க."

இந்தத் தடவை சம்மட்டிக்காரி சிரிக்கவில்லை. உதட்டைக்கூட அசைக்கவில்லை. சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குக் காத்து நின்றாள். தட்டு வரவில்லை. செருமல்தான் வந்தது.

"அக்கா, திருப்பு."

அக்காவின் கை அசைந்தது. கால்வாசி திரும்பிவிட்டது. பலகையின் ஓரமும் முதல் கத்தியின் பிடியும் போனுக்குள் வந்துவிட்டன. அப்போது என்னவோ அவளுக்கு முந்தானையில் முடிந்த சாவி ஞாபகம் வந்தது. தன் நாத்தனாரின் முந்தானை. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் தான் கிடந்த கிடப்பு. கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

தம்பி அதைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. இடுக்கியை இரும்போடு வீசிவிட்டு எழுந்தான். அவள் தோளிலிருந்த சம்மட்டியைத் தட்டிவிட்டு, புறங்கையால் வாயில் அறைந்தான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்து, ஏற்கெனவே நொந்த விலாவில் உதைத்தான். அவள் கத்தவில்லை. லைவில் கத்தக் கூடாது என்று பழகியிருந்தாள். கையிலிருந்த சின்னச் சுத்தியலாலேயே தோளில் போட்டான். எலும்பில் பட்ட சத்தம் தொம் என்று கேட்கவில்லை, வேறு மாதிரி கேட்டது. "தனியாப் பண்ணுவியாடி? தனியாப் பண்ணு! பண்ணு பாக்கலாம்!" முடியைப் பிடித்தபடி அவள் முகத்தை உலைப் பக்கம் கொண்டுபோனான். கரி கனன்றுகொண்டிருந்தது. முன்மயிர் சுருண்டு கருகும் நாற்றம் அடித்தது.

போனில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் ஒரு கணம் நின்றுவிட்டன. அப்புறம் திமுதிமுவென்று வந்தன. அக்கா படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. கை மட்டும் அசையாமல் நின்றது.

"டேய், விடுடா அவளை."

தம்பி திரும்பினான். போனின் கண் நேராகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. சின்ன வயசில் இருட்டில் தனியாக விட்டுவிட்டால் அழுவானே, அந்த முகம்.

"அக்கா... திருப்பச் சொன்னேனே."

"திருப்ப மாட்டேன்."

"எல்லாரும் பாக்குறாங்கக்கா."

"பாக்கட்டும். நான் எத்தனை நாள் தனியாப் பாக்குறது?"

சம்மட்டிக்காரியின் முடியை விட்டான். வந்தான். அக்கா ஒதுங்கவில்லை, அவன் தன்னை அடிப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. அடித்தான். சுத்தியல் கையிலிருந்து நழுவி விழ, அந்தக் கையாலேயே கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தான். காதுக்குள் கொய்யென்று இரைந்தது. வாயில் உப்புக் கரித்தது. கீழே விழுந்தாலும் வளைந்த மணிக்கட்டு போனை விடவில்லை.

அடித்துவிட்டு அவனே திகைத்து நின்றான். தன் கையைத் தானே பார்த்தான்.

அந்தத் திகைப்பு போதுமாக இருந்தது. பின்னாலிருந்து சம்மட்டிப் பிடி அவன் முழங்கால் மடிப்பில் விழுந்தது. முட்டி போட்டுச் சரிந்தவன், விழாமலிருக்க அடைகல்லைப் பிடித்துக்கொண்டான். வலது கை கல்லின் மேல் விரிந்து கிடந்தது. தலை அதற்குப் பக்கத்தில். சம்மட்டிக்காரி எதிரே, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். ஒரு தோள் தொங்கியது. எப்படித்தான் தூக்கினாளோ, சம்மட்டி அவள் தலைக்கு மேலே போய்விட்டது. கண் இரண்டும் அவன் உச்சந்தலையைப் பார்த்தன. அது அவளுடைய பார்வையே இல்லை.

ஆனால் சம்மட்டி இறங்கவில்லை.

அவள் தட்டுக்குக் காத்திருக்கிறாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது. எத்தனை காலப் பழக்கம்! கொல்வதற்குத் தூக்கினாலும் தட்டு விழாமல் அந்தக் கை இறங்காது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? கை தளர்ந்தால் கனமே இழுத்துக்கொண்டு வந்து அவன் மண்டையில் விழும். அவன் செத்துப்போவான். இவள் ஜெயிலுக்குப் போவாள்.

அக்கா எழுந்தாள். முதலில் போனை இடப்பக்கம் திருப்பி, பலகை தெரியும்படி கரிமூட்டை மேல் சாய்த்து வைத்தாள். கத்திகள் வரிசையாக, பளபளவென்று தெரிந்தன. கீழே கிடந்த சின்னச் சுத்தியலை எடுத்தாள். இந்த வயசு வரை அதை அவள் தொட்டதில்லை. அப்பா விட்டதில்லை.

விரிந்து கிடந்த கையைப் பார்த்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டு வந்த கை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தப் புறங்கையின் மேல் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

தம்பி கொல்லன். தட்டின அர்த்தம் அவனுக்கு எல்லாரையும்விட முன்னால் விளங்கியது. "அக்கா!" என்றான். ஆனால் தட்டுக்கும் அடிக்கும் நடுவே கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்ததே கிடையாது. அவனே பழக்கியது.

சம்மட்டி விழுந்தது.

பழக்கத்தில் அது மறுபடி மேலே போனது. அக்கா உடனே வெறும் கல்லில் டக் டக் என்று இரண்டு தட்டினாள். சம்மட்டிக்காரி மூச்சை விட்டாள். சம்மட்டியை மெதுவாக, தலைகீழாக, தரையில் வைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. தம்பியின் வாயிலிருந்து குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அக்கா தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையில் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவந்தது. "வண்டிக்காரனைக் கூப்பிடு புள்ள, ஓடு," என்றாள். சம்மட்டிக்காரி விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கரிமூட்டை மேல் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுத்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்காமல் ஓடின. சம்மட்டிக்காரிக்கு என்ன ஆயிற்று, உயிரோடு இருக்கிறாளா, போலீஸைக் கூப்பிட்டாயிற்று, அவள் முகத்தைக் காட்டுங்கள். நடுவிலே எப்போதும் வருகிற அந்த அம்மாள், அன்றைக்கு முதன்முதலில் கேட்டவளே, மறுபடி கேட்டிருந்தாள்: "அக்கா, கடைசியா அது என்ன சத்தம்?"

"பட்டறைச் சத்தம்தாம்மா," என்றாள் அக்கா.

இந்தத் தடவை அவள் குரல் பிசிறியது. ஆனால் சொன்னது பொய்யில்லை.